ரவா தோசையும் ஒரு ‘ஃபுடி’யும்

இனி யாராவது என்னிடம் “நான் ஒரு ஃபுடி” என்று அறிமுகம் செய்துகொண்டால், இலையோடு எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுவேன். சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் சேர்ந்து டிபன் சாப்பிடப் போனோம். எனக்கு ஆனியன் ரவா வந்தது. ரவா தோசையின் ஆயுசு தெரியும்தானே? கல்லிலிருந்து எடுத்து மிஞ்சிப்போனால் ஐந்து நிமிடம். அதற்குள் கை வைத்தால் மொறுமொறு, விட்டால் ஈரத்துணி. கை வைக்கப் போனேன். “ப்ரோ, தொடாதீங்க, ஒரே நிமிஷம்!” என்றார் எதிரே இருந்த ஃபுடி. தட்டைத் திருப்பினார். சட்னிக் கிண்ணத்தை நகர்த்தினார். நாற்காலியின் மேல் ஏறி நின்று மேலிருந்து படம் பிடித்தார். காபியில் ஆவி பறப்பது தெரியவில்லையாம், இன்னொரு காபி சொன்னார். அது வரும் வரைக்கும் நாங்கள் ஐந்து பேரும் பந்தியில் உட்கார வைத்துச் சோறு போடாமல் விட்ட மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தோம்.

‘ஃபுடி’ என்ற இந்த ஆங்கில வார்த்தைக்கு அப்படி என்ன பாரம்பரியம் இருக்கிறது? 1980இல் நியூயார்க் பத்திரிகையில் கேல் கிரீன் என்ற உணவு விமர்சகர் எழுதினார். 1982இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. 1984இல் ஆன் பாரும் பால் லெவியும் ஃபுடிகளுக்கென்று ஒரு கையேடே போட்டார்கள், அதில் பாதி கிண்டல். சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாத கூட்டத்தைச் சீண்டிய சொல்லை நம் ஆட்கள் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., பி.எட். மாதிரி போட்டுக்கொள்கிறார்கள்.

‘கூர்மே’ கதை இதைவிடக் கொடுமை. பிரெஞ்சில் அது முதலில் ஒயின் வியாபாரியிடம் வேலை பார்த்த ஆளைக் குறித்தது. ஒயினைச் சுவைத்துத் தரம் சொல்கிறவன். சாப்பாட்டு ரசனைக்கு அந்தச் சொல் வந்தது பிற்பாடுதான். ‘கூர்மான்’ என்பவன் வேறு ஆள், வயிறு முட்டத் தின்கிறவன். இந்த ரெண்டும் கலந்துபோய், ரசித்து உண்பது வேறு, பெருந்தீனி வேறு என்று 1825இல் பிரில்லா-சவரின் என்ற பிரெஞ்சுக்காரர் புத்தகத்தில் எழுதி வாதாட வேண்டியிருந்தது. எப்படியானாலும் ‘கூர்மே’ மனிதரைக் குறிக்கப் பிறந்த சொல். நம்மூர்க் கடையில் அது முறுக்குப் பாக்கெட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது! முறுக்குக்கு ஏதய்யா ரசனை? முறுக்குக்கு ஏதய்யா நாக்கு? ஆனால் விலை மட்டும் ரெண்டு மடங்கு. (சாப்பாட்டு ரசிகருக்கு ‘எபிக்யூர்’ என்றும் ஒரு சொல் உண்டு. அதற்குப் பெயர் கொடுத்த கிரேக்கத்து எபிகூரஸ் பாவம், ரொட்டியும் தண்ணீரும் போதும் என்றவர். ஒரு சின்னப் பானைப் பாலாடைக்கட்டி கிடைத்தால் அவருக்கு அதுவே விருந்து.)

சரி, தமிழில் என்ன இருக்கிறது? வைவதற்கு வண்டி வண்டியாய் இருக்கிறது. சோத்துமூட்டை, தின்னிப்பண்டாரம், சாப்பாட்டு ராமன். வள்ளுவரே ‘கழிபேர் இரையான்’ என்று ஒருவனுக்குப் பேர் வைத்திருக்கிறார். அளவு தெரியாமல் தின்கிறவனுக்கு இத்தனை பேர். ருசி தெரிந்து அளவாய்த் தின்கிறவனுக்கு? “அவனுக்கு நாக்கு நீளம்.” அவ்வளவுதான். அதுவும் வசவுதான். ‘போஜனப் பிரியர்’ இருக்கிறதே என்பீர்கள். அது யாரையாவது மேடையில் அறிமுகப்படுத்தும்போது, “தலைவர் நல்லாச் சாப்பிடுவார்” என்பதை நாசூக்காகச் சொல்லத்தான் பயன்படுகிறது. ‘உணவுப் பிரியர்கள்’ புதுக்கடை திறப்பு விழாச் செய்தியோடு சரி.

என் பெரியப்பாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஒரு வாய் காபி குடித்துவிட்டு, “இது ரெண்டாம் டிகாக்ஷன்” என்பார். சோற்றைப் பிசையும்போதே புது அரிசி என்று விரலுக்குத் தெரிந்துவிடும். கல்யாண வீட்டில் ரசம் நன்றாக இருந்தால், கை கழுவிய கையோடு பின்கட்டுக்குப் போய்ச் சமையல்காரரைப் பார்த்து, “பருப்புத் தண்ணி விட்டு, தக்காளியை அடக்கி வாசிச்சிருக்கீங்க” என்பார். அந்த ஆள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். சாப்பிடுவதென்னவோ கொஞ்சம்தான். ஆனால் வீட்டில் அவருக்குக் கடைசி வரைக்கும் கிடைத்த பட்டம் சாப்பாட்டு ராமன். “ஏங்க, நாக்கைக் கொஞ்சம் அடக்குங்களேன்” என்று பெரியம்மா சொல்லாத நாள் இல்லை.

அந்த மனுஷனுக்குக் கொடுக்க ஒரு நல்ல வார்த்தை இல்லை. நாற்காலி மேல் ஏறி நிற்கிறவருக்கு இருக்கிறது!

அன்று ராத்திரி அவருடைய பதிவைப் பார்த்தேன். என் தோசை ஜம்மென்று விழுந்திருந்தது. கீழே, “கெட்டித் தேங்காய்ச் சட்னி, வேற லெவல்!” என்று எழுதியிருந்தார்.

அது பொட்டுக்கடலைச் சட்னி. தேங்காய் பேருக்குத்தான் இருந்தது.