கூரையில் ஓட்டை போடும் முன் கையில் என்ன டிரில் பிட் இருக்கிறது என்று பாருங்கள்

வண்டிக் கூரையில் ஆன்டெனாவுக்கு ஓட்டை போடலாமா வேண்டாமா என்று சுங்கை சிப்புட் பக்கம் வாக்கி டாக்கி மாதிரி பேசுகிற ரேடியோ வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவார். எந்தப் பிட்டால் போடுவது என்று கேட்டுப் பாருங்கள், "பட்டறையில் என்ன இருக்கோ அதை வச்சு போட்டுக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். ரேடியோவுக்கு நூறு நூறாக ரிங்கிட்டை எண்ணி வைப்போம், கேபிள் ஜப்பான் சரக்கா சீனா சரக்கா என்று திருப்பித் திருப்பிக் கேட்போம், மெல்லிய தகட்டில் ஒரே ஒரு தடவை போடப் போகிற ஓட்டைக்கான பிட் என்றால் மட்டும் கை சுருங்கிவிடும்.

ஓட்டையே வேண்டாம், ஆன்டெனாவைக் காந்தத்தால் கூரையில் ஒட்டினால் போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் தார் ரோட்டில் போய் வருகிறவருக்கு அது தாராளம். செம்பனைத் தோட்டத்துக்குள் வண்டி விடுகிறவர் நிலைமை வேறு. தாழ்ந்து தொங்குகிற மட்டை ஒன்று தட்டினால் போதும், ஆன்டெனா காந்தத்தோடு பிடுங்கிக்கொண்டு கதவோரம் கேபிளில் ஊசலாடும். அது போகட்டும், செம்மண் தூசி காந்தத்துக்கு அடியில் போய் உட்கார்ந்து அரைத்து அரைத்து, பெயின்ட்டில் வட்டமாக ஒரு தழும்பைப் போட்டுவிடும். பழைய லேண்ட் ரோவர் இன்னும் ஓடுகிற தோட்டம் என்றால் பேச்சே இல்லை, அதன் மேல்தகடு அலுமினியம், காந்தம் ஒட்டாது. இன்னொன்று, 145 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) ஆன்டெனா ஏறக்குறைய அரை மீட்டர் நீளம். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தகடு இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். நடுக்கூரையை விட்டால் வண்டியில் அவ்வளவு தகடு எங்கே இருக்கிறது?

சரி, ஓட்டை என்று முடிவாகிவிட்டது. அளவு என்ன? ஓட்டையில் உட்கார்ந்து ஆன்டெனாவைத் தாங்குகிற அடிப்பாகம்தான் மவுண்ட், அதைப் பொறுத்தது. மோட்டரோலாக்காரர்கள் கொண்டுவந்த என்எம்ஓ மவுண்ட்டுக்கு வழக்கமான அளவு முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். எட்டில் மூன்று அங்குல ஓட்டைக்கான என்எம்ஓவும் உண்டு. ஜப்பான் ஆன்டெனாக்களோடு வருகிற எம் வகை மவுண்ட்டுக்கு அளவு மாறும், டப்பாவுக்குள் இருக்கிற தாளைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போகணும். மவுண்ட் கைக்கு வராமல் பிட் வாங்காதீர்கள்.

பட்டறைக்காரர்கள் எடுக்கிற முதல் சாமான் சாதாரண முறுக்கு பிட். கட்டையில், கனமான இரும்பில் அதற்கு நிகரில்லை. கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பிட்டின் நுனி தகட்டைத் தாண்டிப் போன பிறகுதான் அதன் ஓரங்கள் தகட்டைத் தொடும், அதற்குள் அதைப் பிடித்து நிறுத்த நடுவில் ஒன்றும் மிச்சமில்லை, அது தன் இஷ்டத்துக்கு ஆடும். வெளியே வருகிற ஓட்டை வட்டமாக இருக்காது, மூன்று மூலையாக இருக்கும். முடிகிற நேரத்தில் தகட்டைக் கவ்வி மேலே இழுத்து ஓரத்தை மடக்கியும் விடும். நம் ஊர்ப் பட்டறை ஒன்றில் ஒரு ஹைலக்ஸுக்கு இப்படித்தான் 10 மில்லிமீட்டர் பிட்டில் ஆரம்பித்து மிச்சத்தை உருண்டை அரத்தால் ராவி ராவிப் பெரிதாக்கினார்கள். ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி அகன்றுவிட்டது. மவுண்ட் போட்டதும் மேலே ஒன்றும் தெரியவில்லை, முதல் பெருமழையில் ஓட்டுநர் தலையில் சொட்டியது.

அடுத்தது ஸ்டெப் டிரில். கோபுரம் மாதிரி படிப்படியாக அகலும் அந்தப் பிட்டை இப்போது எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். மெல்லிய தகட்டுக்கு நல்ல சாமான்தான், நான் மறுக்கவில்லை. வட்டம் சுத்தமாக வரும், ஒவ்வொரு படியும் முந்தின படி விட்ட பிசிறைச் சீவிவிடும். ஆனால் ஹார்ட்வேர் கடையில் தொங்குகிற மலிவுப் பிட்டை எடுத்துப் படிகளைப் படித்துப் பாருங்கள்: 4, 6, 8 என்று இரண்டிரண்டாக ஏறி 16, 18, 20. பத்தொன்பது எங்கே? 18இல் நிறுத்தினால் மவுண்ட் இறங்காது, 20க்குப் போனால் ஆடும். அங்குலக் கணக்கில் செய்த, முக்கால் அங்குலப் படி உள்ள பிட்டைத் தேடி வாங்கினால் அந்தத் தலைவலி இல்லை. அதற்கு மேலும் படி இருந்தால், முக்கால் படிக்கு அடுத்ததில் கலர் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், ஒரு கண நேரம் அழுத்தம் கூடினால் அடுத்த படிக்கு இறங்கிவிடும், பிறகு அழுது பயனில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் நீளம். முக்கால் படி தகட்டுக்கு வரும்போது பிட்டின் மூக்கு ஏற்கெனவே கூரைக்கு அடியில் வெகுதூரம் போயிருக்கும். அங்கே இருப்பது லைனிங் துணி, விளக்கு வயர், சில வண்டிகளில் ஏசிக் குழாய். லைனிங்கை முழுதாக இறக்காமல் மேலிருந்து மட்டும் வேலை செய்பவருக்கு ஸ்டெப் டிரில் வேண்டாம் என்பேன்.

பஞ்ச் என்று ஒன்று இருக்கிறது, மின் பலகை வேலைக்காரர்கள் வைத்திருப்பது. சின்ன ஓட்டை போட்டு, போல்ட்டை நுழைத்து, மேலே ஒரு பகுதி கீழே ஒரு பகுதி வைத்து முறுக்கினால் தகட்டை வட்டமாக வெட்டித் தள்ளும். தூள் கிடையாது, பிசிறு கிடையாது, இதைவிட அழகான ஓட்டை வராது. ஆனால் அடியில் கை போகணும். லைனிங் இல்லாத பழைய லாரிக் கேபினுக்கு கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன், மைவி மாதிரிக் காருக்குச் சொல்ல மாட்டேன்.

நான் கை வைப்பது ஹோல் சாவில், ஓரம் முழுக்கப் பல் வைத்த கிண்ணம் மாதிரியான பிட் அது. அதிலும் இந்த மவுண்ட்டுக்கென்றே செய்து விற்கிற, தோள்பட்டை வைத்த ஹோல் சா. தகட்டை வெட்டி முடித்ததும் தோள் கூரையில் முட்டி நின்றுவிடும், நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் கீழே இறங்காது. லைனிங் பிழைத்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கணும், விலை கொஞ்சம் கடிக்கும், நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமே? அவ்வளவுக்கு வசதிப்படவில்லை என்றால் கடையில் கிடைக்கிற 19 மில்லிமீட்டர் பைமெட்டல் ஹோல் சா போதும், ஒரு திருத்தத்தோடு. நடுவில் இருக்கிற பைலட் பிட் பல்லைவிட ரொம்ப நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டுத் திருகைத் தளர்த்தி, பல்லைத் தாண்டி கொஞ்சம் மட்டும் நீட்டும்படி உள்ளே தள்ளி இறுக்குங்கள்.

அப்புறம் வேகம். மெல்லிய தகடு என்று நினைத்து முழு வேகத்தில் விடுகிறார்கள், பல் சிவந்து மழுங்கிவிடுகிறது. இந்த அளவு ஹோல் சாவுக்கு நிமிடத்துக்கு 400, 450 சுற்று போதும், பேட்டரி டிரில்லில் கியர் 1. முதலில் டிரில்லைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டு பெயின்ட்டை மட்டும் வட்டமாகக் கீறிக்கொண்டால் அப்புறம் முன்பக்கமாக வெட்டும்போது பெயின்ட் செதில் செதிலாகப் பெயராது. கூரை வளைவாக இருப்பதால் ஒரு பக்கப் பல் முதலில் தொடும், அந்த நேரத்தில் அழுத்தாமல் டிரில்லின் கனத்தை மட்டும் விடுங்கள்.

எந்தச் சாமானாக இருந்தாலும் முதலில் உள்விளக்கைக் கழற்றி விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கூரைக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் ஓடும், அதன் மேல் விழுந்தால் மவுண்ட் உட்காராது. புது வண்டிகளில் இரண்டு ஓரத்திலும் ஏர்பேக் மடித்து வைத்திருப்பார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தூளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் ஊர் மழைக்கு அந்த இரும்புத் தூள் விடிவதற்குள் துருப் பிடித்து வெள்ளை வண்டியில் மஞ்சள் புள்ளி வைக்கும். பல்லில் கிரீஸ் தடவினால் பாதித் தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், மீதியை வேக்கம் பண்ணுங்கள், கையால் தேய்க்காதீர்கள். வெட்டின ஓரத்துக்கு பிரைமர் வையுங்கள். அடிப்பக்கத்தில் மவுண்ட் கடிக்கிற இடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டுங்கள், அதுதான் எர்த். மேலே சிலிக்கான் பூசியே ஆகணும் என்றால் புளித்த வாடை அடிக்கிற சிலிக்கானைத் தொடாதீர்கள், அது வெளிவிடுகிற அமிலம் தகட்டைத் தின்றுவிடும்.

என் ஹோல் சாவைக் கேட்டு இன்பாக்ஸில் வருகிற தம்பிகளுக்கு: தருகிறேன், தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் லேண்ட் ரோவர் அலுமினியம் பல்லில் அப்பிக்கொண்ட நிலையில் திருப்பிக் கொண்டுவந்தால் அடுத்த முறை கிடையாது, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்துக் கொடுங்கள்.