ஆண்டவனை நம்புகிறவர்கள் கணக்கும் பார்க்கிறார்கள்

சென்ற சனிக்கிழமை புரட்டாசி அன்னதானம் முடிந்தபின் கோயில் மண்டபத்தில் இருந்தவர்களுக்கு, நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது தெரியும். "நிலையான வேலையை உதறிவிட்டு, ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று உட்கார்ந்திருப்பது பக்தி அன்று, பொறுப்பின்மை" என்று ஒலிபெருக்கியில் சொன்னவர் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்கள் சாட்ஸ்வர்த்தில் யார் எந்த வேலையை விட்டார் என்பது ஊருக்கே தெரியும். மண்டபத்தில் பாதிப்பேர் எங்கள் பக்கம் திரும்பினார்கள். என் மகள் சோற்றில் கை வைத்தபடியே தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆண்டவனை நம்புவது என்றால் கணக்கை மூடிவைப்பது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை காமாட்சி விளக்கு ஏற்றியபின், நானும் கணவரும் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறோம். வீட்டுக் கடன் தவணை, மின்சார மீட்டருக்கு முன்பணம், பள்ளிக் கட்டணம், ஈமச்சடங்குக் காப்பீடு என்று ஒவ்வொன்றாக எழுதி, மிச்சம் இருப்பதற்குள் அடுத்த வாரத்தை அடக்குகிறோம். அரிசி, பருப்பு, முட்டை, காய்கறி, சமையல் எண்ணெய் போன்றவற்றுக்கு 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி கிடையாது என்பதால், எங்கள் அடுப்பில் பெரும்பாலும் அவைதாம் வேகின்றன. (புரட்டாசி விரதம் எங்களுக்குச் சுமையாக இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.) நாமாக வேலையை விட்டால் வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து ஒரு ராண்டும் வராது என்பதைத் தெரிந்துகொண்டுதான் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். 2024 செப்டம்பர் முதல் ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை பணம் எடுக்கலாம் என்று சட்டம் வந்தபோது, என்னைச் சுற்றியிருந்த பலர் எடுத்தார்கள். அவரவர் தேவை அவரவருக்கு. நான் அதைத் தொடவில்லை. இதையெல்லாம் செய்துவிட்டு, அதன்பின் முருகன்முன் நின்று, எங்களால் ஆனதைச் செய்துவிட்டோம், ஆகாததை நீ பார்த்துக்கொள் என்று சொல்வதுதான் எங்கள் நம்பிக்கை. இதில் உட்கார்ந்திருப்பது எங்கே இருக்கிறது?

ஏன் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் இருந்தது ஒரு சிறுகடன் நிறுவனம். குறுகிய காலக் கடனுக்கு முதல்முறை மாதம் 5 சதவீதமும், அதே ஆண்டில் மறுபடி வாங்கினால் மாதம் 3 சதவீதமும் வட்டி வாங்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்குமேல் தொடக்கக் கட்டணம், மாதாந்தரச் சேவைக் கட்டணம். எல்லாம் சட்டப்படிதான். ஆனால் முதியோர் உதவித்தொகை வாங்கும் ஆயாக்கள், பழைய கடனை அடைத்த கையோடு புதியதற்குக் கைநாட்டு வைக்கும்படி பேசி முடிப்பது என் வேலையாக இருந்தது. பேரனுக்குச் சப்பாத்து வாங்க வந்தவர், அந்தச் சப்பாத்து கிழிந்தபிறகும் கடன் கட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். காலையில் திருநீறு பூசிக்கொண்டு போய் அந்த மேசையில் உட்கார என்னால் முடியவில்லை. இப்போது சீருடைகளும் ரவிக்கைகளும் தைக்கிறேன். ஜனவரியில் பள்ளி திறக்கும்போதும், தைப்பூசக் காவடிக்கு மஞ்சள் துணி தைக்கும்போதும் இயந்திரம் ஓய்வதில்லை. கல்யாணங்கள் இல்லாத ஆடியும் புரட்டாசியும் கடினமான மாதங்கள். அதையும் நோட்டில் முன்கூட்டியே எழுதித்தான் வைத்திருக்கிறோம்.

"கணவர் சம்பளம் இருக்கும் துணிச்சலில் பேசுகிறாய்" என்று சிலர் எழுதுவீர்கள். அவர் சம்பளம் இருக்கிறது. வீட்டுக் கடன் அதில்தான் போகிறது. அதை நான் எப்போது மறைத்தேன்? அந்தச் சம்பளத்தையும் ஆண்டவன் கொடுத்ததாகவே நினைக்கிறேன். கையில் இருப்பதைக் காணிக்கையாகப் போட்டால் பத்து மடங்காகத் திரும்பும் என்று ஆசை காட்டுபவர்கள் எல்லா மதத்திலும் உண்டு, அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். முருகனிடம் நான் பேரம் பேசவில்லை. "நோய் வந்தால் என்ன செய்வாய்" என்ற கேள்விதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிட்டோம் என்பது உண்மை. வந்தால் இங்குள்ள அரசு மருத்துவமனையான ஆர். கே. கானுக்குப் போவோம். அங்கே விடிவதற்குமுன் வரிசையில் நிற்கிற இத்தனை குடும்பங்களும் பொறுப்பற்றவர்களா? அவர்கள் முகத்துக்கு நேராக இதை ஒலிபெருக்கியில் சொல்வாரா?

நிலையான வேலை, நிலையான வேலை என்கிறார்கள். என் அம்மா டர்பனில் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவர். 1990களில் இறக்குமதி வரி குறைந்து, வெளிநாட்டுத் துணிகள் மலிவாக வந்து குவிந்தபோது, இந்த ஊரில் தொழிற்சாலை தொழிற்சாலையாக மூடினார்கள். அம்மாவும் அவர் வரிசையில் இருந்த பெண்களும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள். ஒருநாள்கூடத் தாமதமாகப் போகாத அம்மாவை அந்த வேலை காப்பாற்றவில்லை. அன்று எங்களுக்குச் சோறு போட்டது, வீட்டில் இருந்த பழைய தையல் இயந்திரமும், அம்மா தினமும் சொன்ன "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்ற ஒற்றை வார்த்தையும்தான். அந்த இயந்திரத்தில்தான் இன்று நான் தைக்கிறேன்.

இன்னும் பின்னால் போய்ப் பாருங்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக இங்கே முதலில் வந்து இறங்கியவர்களுக்கும் நிலையான வேலைதான் கிடைத்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. பின்னாளில் வந்தவர்களில், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி கைநாட்டும் வைக்காமல் சொந்தக் காலில் நிற்க நினைத்தவர்கள் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் போட்டார்கள். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அது முதல் ஆண்டுக் கூலியில் ஆறு மாதத்துக்குச் சமம். கட்ட முடியாத எத்தனையோ பேர் மறுபடி கரும்புத் தோட்டத்துக்கே போனார்கள். போகாமல் காய்கறி பயிரிட்டுத் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுபோனவர்களிடமும் கணக்கு இருந்தது, தெய்வமும் இருந்தது. 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது. அவர்கள் வயிற்றில் வந்த நாம், அவர்கள் வணங்கிய தெய்வத்தின் மண்டபத்தில் நின்றுகொண்டு, கூலி வேலையை விட்டவளைப் பொறுப்பில்லாதவள் என்கிறோம்.

எனக்கு வலித்தது, ஒலிபெருக்கியில் பேசியவர் மாறுபட்ட கருத்து வைத்திருப்பது அன்று. ஒருமுறைகூட என்னிடம் வந்து, "தங்கச்சி, வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்" என்று கேட்காமல், நூறு பேர் சாப்பிடும் இடத்தில் என் பக்தியைப் பற்றித் தீர்ப்புச் சொன்னதுதான். கேட்டிருந்தால் நோட்டையே கொடுத்திருப்பேன். அன்று இரவு என் மகள், "அம்மா, நாம் கஷ்டப்படுகிறோமா?" என்று கேட்டாள். சிக்கனமாக இருக்கிறோம், வீட்டுக் கடனைத் தவிர யாருக்கும் கடன்படவில்லை என்று சொன்னேன்.

பேச்சைக் கேட்டபின் அக்கறையோடு அழைத்து, பழைய இடத்தில் இன்னும் ஆள் தேடுகிறார்கள் என்று சொன்ன இருவருக்கும் நன்றி. நான் போகப்போவதில்லை. அந்த மேசையின் எதிரே வந்து உட்காரும் ஆயாக்கள் இதே கோயிலுக்கு வருகிறவர்கள். பொறுப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால், அவர்கள் மாதாமாதம் கட்டும் வட்டியைப் பற்றி அடுத்த சனிக்கிழமை பேசுங்கள்.