கையெழுத்துக்கு முன்னால் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள்

கவுன்சிலிங் முடிந்து கல்விக் கடனுக்காக வங்கிப் படியேறும் பெற்றோரைப் பார்த்தாலே எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும். அவர் தையல்காரர். 2012-ல் என் இன்ஜினியரிங் படிப்புக்காக ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்து, அதிகாரி விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்து போட்டார். "பையன் படிச்சு வேலைக்குப் போனதும் கட்டினா போதும்" என்றார்கள். எங்களுக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

அது பாதி உண்மை. தவணை வேண்டுமானால் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தொடங்கும். வட்டி அப்படியில்லை. முதல் கட்டணம் கல்லூரிக்குப் போன அன்றே அது ஓட ஆரம்பித்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் நான்கு வருடத்தில் 4 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் காலத்துக்குத் தனிவட்டிதான். ஆனாலும் முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நான்கு, அப்புறம் மூன்று, இரண்டு என்று சேர்த்தால் 1 லட்சத்து 40 ஆயிரம். இது அசலோடு சேர்ந்து 5 லட்சத்து 40 ஆயிரத்துக்குத்தான் தவணை போடுவார்கள். பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். பதினைந்து வருடம் என்றால் மாதம் 5,800தான், கேட்கச் சுலபமாக இருக்கும். கட்டி முடிக்கும்போது மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்திருந்தால்? முதல் வருடம் மாதம் 833 ரூபாய். கடைசியில் 3,333 வரை போகும். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் சலுகை தரவும் விதியில் இடமிருக்கிறது. முதல் இரண்டு வருடமாவது என் அப்பா கட்டியிருப்பார். சொல்லியிருந்தால்.

இன்னொன்றுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்கு, படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் சேரும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-லிருந்து இருக்கிறது. வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து, கிளை அதை மேலே அனுப்ப வேண்டும். எங்களிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. அந்த வட்டி முழுவதும் என் தலையில் விழுந்தது. இப்போது கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ நாக், என்பிஏ போன்ற தரச்சான்றும் பார்க்கிறார்கள். அதனால் சீட்டு எடுக்கும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

பணம் நம் கைக்கு வராது, நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகும். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் முந்தைய மார்க் ஷீட் வந்தால்தான் அடுத்த கட்டணத்தைப் போடுவோம் என்று வங்கி சொல்லும், கட்டணக் கெடு முடிந்தால் அபராதம் என்று கல்லூரி சொல்லும். இந்த இடைவெளியில் இரண்டு முறை அத்தையின் வளையல் அடகுக்குப் போனது. கல்விக் கடன் வட்டியோடு நகைக் கடன் வட்டியும் சேர்ந்தது.

விதிகள் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 4 லட்சம் வரை நம் பங்குப் பணம் போட வேண்டாம். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. விண்ணப்பத்தை மறுப்பதென்றால் மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்கிறது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம். ஆகவே "இல்லை" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் திரும்பி வராதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

வங்கிகளிடம் நான் கேட்பது ஒரே ஒரு தாள். மொத்தக் கடன், படிப்பு முடியும்போது சேரும் வட்டி, மாதத் தவணை, வட்டி மானியத்துக்கு என்ன சான்றிதழ், எந்தத் தேதிக்குள். தமிழில், பெரிய எழுத்தில். கையெழுத்துக்கு முன்னால் பிள்ளையையும் பெற்றோரையும் சேர்த்து உட்கார வைத்துப் பத்து நிமிடம் படித்துக் காட்ட வேண்டும். இருபத்திரண்டு வயதில் வேலை தேடி அலையும்போது ஒரு தவணை தவறினாலும், கடன் கட்டும் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் பிள்ளையின் பெயரும் விழும், இணைக் கடனாளியான அப்பாவின் பெயரும் விழும். அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு தங்கைக்கு நர்சிங் சீட்டு கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை அவளும் அவள் அம்மாவும் வங்கிக்குப் போகிறார்கள். வருமானச் சான்றிதழுக்கு நேற்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாகிவிட்டது. அவள் கடனுக்கான கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நானும் கூடப் போகிறேன்.