கட்டைவிரலைத் தூக்கினால் படகு தண்ணீருக்கு வராது

கொடைக்கானல் மலையில் உட்கார்ந்துகொண்டு சென்னைத் துறைமுகத்துப் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தேதி குறிக்கிற ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். படிக்கிற காலத்தில் அங்கே தொற்றிய பைத்தியம் இது. இப்போது நாயுடுபுரத்தில் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். லேசர் என்கிற, ஒரே ஆள் ஓட்டும் என் பழைய பாய்மரப் படகு மட்டும் அங்கேயே கிடக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் லேசர் குழுவில் ஒரு தம்பி, "அண்ணே, நீங்கதான் மலை மேல சும்மா இருக்கீங்க, இந்த வருஷ அட்டவணையை நீங்களே போட்டுடுங்க" என்றான். சீசனில் இங்கே வந்து பார்த்தால் தெரியும், நான் சும்மா இருக்கிற லட்சணம்.

முதல் வருஷம் ரொம்ப ஜனநாயகமாக ஆரம்பித்தேன். வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு. இந்த ஞாயிறா, அடுத்த ஞாயிறா? குழுவில் 19 பேர். ஒருத்தருக்கு மச்சினன் கல்யாணம், ஒருத்தருக்கு மகளின் பரீட்சை, ஒருத்தருக்கு ஆடிட்டிங். எப்படியோ எல்லாருக்கும் ஒத்துவருகிற ஒரு நாளைப் பிடித்தேன். 14 பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அன்றைக்குக் கரையில் வந்து நின்றவர்கள் 5 பேர்.

பாதுகாப்புப் படகுக்குப் பெட்ரோல், மிதவைகளைக் கொண்டுபோய் நங்கூரம் போட ஆள், ரேஸ் ஆபீசர் என்று செலவெல்லாம் 5 படகுக்கும் அதேதான், 15 படகுக்கும் அதேதான். காசு போனால் போகட்டும். லேசரின் ருசியே கூட்டத்தில்தான் இருக்கிறது. எல்லாப் படகும் ஒரே அச்சு, 4.23 மீட்டர். படகுக்கு ஒரே ஆள். கடைசி ஐந்து நிமிஷம் கொடி ஏற ஏற, 15 பாய்கள் ஒரே கோட்டில் முட்டி மோதி இடம் பிடிக்கிற அந்தப் பரபரப்புக்குத்தான் நாம் உயிரை விடுகிறோம். 5 படகில் என்ன பரபரப்பு? இங்கே எங்கள் ஏரியில் மிதிபடகு விடுகிற மாதிரிதான்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனிமேல் யாரையும் தேதி கேட்பதில்லை. கேட்டால் ஆளாளுக்குத் தனக்கு முடியாத நாளை யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். குறித்துச் சொல்லிவிட்டால் வர வழி தேடுகிறார்கள். குழுவில் சிலர் இதைச் சர்வாதிகாரம் என்றார்கள். இருக்கட்டும்.

தேதிக்கு நான் பார்ப்பது இரண்டே இரண்டுதான், காற்றும் பஞ்சாங்கமும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம். அந்தப் பக்கமே போவதில்லை. முகூர்த்த ஞாயிறுகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவேன். மண்டபத்தோடு மல்லுக்கட்டிப் படகு ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. மிச்சத்தில் நமக்கென்றே படைத்த மாதம் ஆடி. கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, அம்மியைத் தூக்குகிற காற்று மட்டும் உண்டு. "ஆடியில நல்ல காரியம் ஆரம்பிக்கலாமா?" என்று குழுவில் ஒரு அப்பா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு ஓடி வருவதை எந்த மனைவியும் நல்ல காரியம் என்று சொல்லிக் கேட்டதில்லை, தைரியமாக வாங்க என்றேன்.

எங்கள் மலையில் குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030 என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். 12 வருஷக் கணக்கை ஒரு செடி தவறாமல் வைத்திருக்கிறது. நம் ஆட்களுக்கு அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு தெரியவில்லை.

முன்பு வருஷத்துக்கு 11 போட்டி வைத்தோம். நான் அதை நாலாகக் குறைத்தேன். 11 இருந்தால் 'இது போனால் அடுத்தது' என்கிற நினைப்பு வந்துவிடும். கூடவே நுழைவுக் கட்டணத்துக்கு மூன்று வாரம் முன்பே கெடு. அதற்குப் பிறகு வந்தால் கரையில் நின்று டீ குடிக்கலாம். இதை இங்கேதான் கற்றுக்கொண்டேன். 2025 கோடை சீசனுக்குக் கொடைக்கானலில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. அதுவரை "வர்றோம் சார், வந்து பாத்துக்கலாம்" என்று இழுத்துக்கொண்டிருந்த விருந்தினர்கள், அப்போது இ-பாஸை எடுத்துக்கொண்டு முன்பணமும் அனுப்பினார்கள்.

இதெல்லாம் பாதி வேலைதான். மீதிப் பாதி போனில். ஜெயிக்கிறவனை நான் கூப்பிடுவதே இல்லை. முதல் மூன்று இடம் எப்போதும் அதே மூன்று பேருக்குத்தான். அவர்கள் புயல் அடித்தாலும் வருவார்கள். கூப்பிட வேண்டியது எட்டாவதாகவும் ஒன்பதாவதாகவும் வருகிறவர்களை. தாம்பரத்தில் ஒரு வங்கி அதிகாரி இருக்கிறார். "வேலை இருக்கு சார்" என்று ஆரம்பித்தார். போன தடவை அவரை அரைப் படகு நீளத்தில் முந்தியவர் பெயரைச் சொல்லி, "அவர் நேத்தே பணம் போட்டுட்டாரே" என்றேன். "அவரா? எப்போ?" பத்து நிமிஷத்தில் ஜிபே சத்தம் கேட்டது.

எல்லாரிடமும் இந்த வித்தை பலிக்காது. 'வேலை இருக்கு' என்பதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கும், அதைத் தோண்டணும். ஒருத்தருக்குச் சுக்கான் கீறல் விட்டிருந்தது, சொல்லக் கூச்சம். இன்னொருத்தருக்கு முதுகுவலி, 7.06 சதுர மீட்டர் முழுப் பாயை இழுத்துப் பிடித்து விளிம்பில் தொங்க முடியவில்லை. நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய ரேடியல் என்கிற சின்னப் பாய் 5.76 தான், அதே படகில் பாயையும் கீழ்ப் பாய்மரத்தையும் மாற்றினால் போதும் என்று சொல்லி, ஒரு செட் இரவலும் வாங்கிக் கொடுத்தேன். இப்போது அவர்தான் முதலில் வந்து நிற்கிறார்.

புள்ளிக் கணக்கும் நம் பக்கம்தான். முதலிடத்துக்கு ஒன்று, இரண்டாமிடத்துக்கு இரண்டு. குறைவாக எடுத்தவர்தான் ஜெயிப்பார். விதிப்புத்தகத்தில் ஒரு விருப்ப விதி இருக்கிறது. தொடக்கப் பகுதிக்கு வந்துவிட்டுப் பாதியில் விட்டவருக்கு, அன்றைக்கு வந்த படகுகளோடு ஒன்று கூட்டிப் புள்ளி. வரவே இல்லையென்றால், தொடருக்கே பெயர் கொடுத்த படகுகளோடு ஒன்று. 19 பேர் பெயர் கொடுத்து 10 பேர் வந்தால், கவிழ்ந்து நனைந்தவருக்கு 11, வீட்டில் தூங்கியவருக்கு 20. போட்டி அறிவிப்பில் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். தூங்கினவர்கள் யாரும் இதுவரை என்னை மன்னிக்கவில்லை.

இந்த ஆடிப் போட்டிக்கு நேற்று இரவு வரை 13 பேர் பணம் கட்டியாயிற்று. பெருமையாகப் பட்டியலைக் குழுவில் போட்டேன். அடுத்த நிமிஷம் தாம்பரத்துக்காரர்: "சார், உங்க பேரைக் காணோமே?"

பணத்தை உடனே போட்டுவிட்டேன். கொடைரோட்டில் ஏற பாண்டியன் எக்ஸ்பிரஸ்தான் வெயிட்டிங் லிஸ்ட் 34 காட்டுகிறது.