டாரதி கேரியைப் பார்த்துச் சிரித்த சபைக்கு

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன். ஒரு போதகரின் பிரசங்கக் காணொளி. எது என்று சொல்லத் தேவையில்லை, உங்களில் பாதிப் பேர் எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள். இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றி அவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். செருப்பு தைத்தவர், தானாகவே மொழிகள் கற்றவர், வங்காளியில் வேதத்தைக் கொண்டுவந்தவர், எல்லாம் சரி. அப்புறம் திடீரென்று, யோபுவுக்கு வாய்த்த மாதிரி கேரிக்கும் ஒருத்தி வாய்த்தாள், ஊழியத்துக்குத் தடையாக வீட்டுக்குள்ளேயே ஒரு பைத்தியம் என்றார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கேரியின் மனைவி டாரதி பைத்தியம் இல்லை. டாரதிக்கு நோய் இருந்தது. இந்தப் பதிவில் இதை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன்.

1781இல் இங்கிலாந்தில் பிடிங்டன் என்ற சின்ன ஊரில் அவர்களுக்குக் கல்யாணம். கேரிக்கு 19 வயது, டாரதி அவரைவிட மூத்தவர். கல்யாணப் பதிவேட்டில் பெயர் எழுதத் தெரியாமல் ஒரு சிலுவைக் குறி போட்டவர். இந்தியா என்ற பேச்சு வருவதற்கு முன்பே இரண்டு பெண் குழந்தைகளை மண்ணுக்குக் கொடுத்தவர். 1793இல் கணவர் வங்காளத்துக்குக் கப்பலேறலாம் என்றபோது பிள்ளைத்தாய்ச்சி. வரமாட்டேன் என்றார். இதற்குத்தான் மேடையில் கீழ்ப்படியாமை என்று பெயர். நிறைமாதக்காரி, கையில் சின்னப் பிள்ளைகள், ஐந்து மாதக் கடல் பயணம். உங்கள் மகளாக இருந்தால் அனுப்புவீர்களா?

கேரி மூத்த மகன் பெலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி இல்லாததால் அந்தக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதற்குள் ஜாபேஸ் பிறந்திருந்தான். திரும்பி வந்து கேட்டார்கள், மறுபடியும் மாட்டேன் என்றார். கேரியோடு வந்த டாக்டர் ஜான் தாமஸ் போன வழியிலிருந்து திரும்பிவந்து, இப்போது வராவிட்டால் குடும்பம் சிதறிப்போகும், காலமெல்லாம் வருத்தப்படுவீர்கள் என்று சொன்னார். அப்புறம்தான், தங்கை கிட்டியும் கூட வந்தால் வருகிறேன் என்று சம்மதித்தார். ஜூன் 13ஆம் தேதி கப்பல். நவம்பரில் கல்கத்தா.

வந்த கொஞ்ச நாளிலேயே கைப்பணம் தீர்ந்தது. வீடு மாற்றி வீடு மாற்றி, சுந்தரவனம் வரைக்கும் போனார்கள். டாரதிக்கும் பெலிக்ஸுக்கும் வயிற்றுக் கடுப்பு. கேரிக்கு முத்னாபதியில் அவுரிச் சாயத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வடக்கே நகர்ந்தபோது, எந்தத் தங்கையை நம்பிக் கப்பலேறினாரோ அந்தத் தங்கை ஒரு ஆங்கிலேயரைக் கட்டிக்கொண்டு சுந்தரவனத்திலேயே தங்கிவிட்டார்.

1794 அக்டோபரில் அவர்கள் மகன் பீட்டர் இறந்தான். ஐந்து வயது. சாதி போய்விடும் என்ற பயத்தில் பெட்டி செய்யவோ பிள்ளையைத் தூக்கவோ ஆள் கிடைக்காமல் அலைந்தார்கள். குழி தோண்டியவர்கள் முஸ்லிம்கள். பெற்றவள் வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு, தூக்க ஆள் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை ஒரு பிரசங்கத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. அடுத்த வருஷம் அந்த அம்மாவுக்கு மனம் பிசகியது. கணவர் வேறு பெண்களிடம் போகிறார் என்ற எண்ணம் ஆணி அடித்தாற்போல் உள்ளே இறங்கிவிட்டது. தெருவில் பின்னாலேயே போய்க் கத்துவார். அடிக்கவும் பாய்ந்திருக்கிறார். அந்த நிலையிலேயே 1796இல் இன்னொரு பிள்ளையையும் பெற்றார், ஜோனதன்.

இப்போது நான் சொல்ல வருகிற விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். கேரி குடும்பம் அப்புறம் போய்ச் சேர்ந்த செராம்பூர், நம் தரங்கம்பாடி மாதிரியே டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். 1800 டிசம்பர் 28. ஹூக்ளி ஆற்றில், அந்த மிஷனில் முதன்முதலாக மனம் திரும்பிய வங்காளி கிருஷ்ண பாலுக்கும், பெலிக்ஸுக்கும் ஞானஸ்நானம். ஒவ்வொரு மிஷனரி ஞாயிறும் இந்தக் காட்சியைக் கேட்கிறோம். அதே நாளில் அதே மிஷன் வளாகத்தில் இரண்டு பேர் அறைக்குள் அடைக்கப்பட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் டாரதி. இன்னொருவர் அதே டாக்டர் தாமஸ். இத்தனை வருஷம் காத்திருந்து முதல் ஆத்துமாவைக் கண்ட சந்தோஷத்தில் தாமஸுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று உருக்கமாகச் சொல்கிறார்கள். டாரதிக்கு? ஊழியத்துக்குத் தடை. ஒரே நாள், ஒரே வளாகம், ஒரே மாதிரிக் கூச்சல். ஆணுக்கு வந்தால் ஆனந்தம், பெண்ணுக்கு வந்தால் பைத்தியமா?

கேரியைக் கேவலப்படுத்துகிறாய் என்று ஏற்கெனவே உள்பெட்டியில் ஒருவர் வந்துவிட்டார். இல்லை. மனநோய்க் காப்பகத்துக்கு அனுப்பச் சொன்னவர்கள் இருந்தும் கேரி அனுப்பவில்லை. கடைசி வரைக்கும் வீட்டிலேயே வைத்திருந்தார், அதற்காக அவரைக் கும்பிடலாம். பக்கத்து அறையில் மனைவி கத்திக்கொண்டிருக்க இந்தப் பக்கம் மொழிபெயர்த்தார் என்பதை அவருடைய பொறுமைக்குச் சாட்சியாகச் சொல்லுங்கள், சொல்லக்கூடாது என்று யார் சொன்னது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரையும் மனுஷியாகச் சொல்லுங்கள் என்கிறேன். 1799இல் ஒரு உடன்கட்டையை நேரில் பார்த்து, நிறுத்தச் சொல்லி மன்றாடியவர் கேரி. தன் மனைவியைச் சொல்லி ஒரு சபை சிரிப்பதை அவர் பொறுத்திருக்கமாட்டார்.

வெளியாட்கள் இதை எடுத்து நம்மைத் தாக்குவார்கள் என்கிறார்கள். தாக்கட்டும்.

அழைப்புதான் முதல், குடும்பம் அப்புறம் என்கிறவர்களுக்கு மட்டும் நான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். என் அப்பா உபதேசியார். நான் வளர்ந்தது அந்த வீட்டில். இரண்டு வருஷத்துக்கு ஒரு ஊர். எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லாத ஒரு ஊரில், ஒரே ராத்திரியில் போய்விட்டான். அப்பா மறுநாள் சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடத்தினார். எல்லாரும் அவர் விசுவாசத்தைப் புகழ்ந்தார்கள். அம்மா அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பாள், சோறு பொங்கி வழிந்து நெருப்பு அணைந்தாலும் அசையமாட்டாள். ஜெபித்த எண்ணெய் கொண்டுவந்து தலையில் தேய்த்தார்கள். பிசாசு என்றார்கள். உபதேசியார் வீட்டுக்குள்ளேயே பிசாசு நுழைந்தால் ஊழியம் எப்படி விளங்கும் என்று அம்மாவின் காதுபடவே கேட்டார்கள். அவள் பேசத்தான் மாட்டாள், காது கேட்கும்.

ஒரு வருஷம் கழித்து மாமா வந்து கூட்டிக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினார். மாத்திரை. இரண்டு மாதம் ஆகியிருக்கும், ஒருநாள் காலையில் "ஏட்டி, கருப்பட்டி இருக்கா பாரு" என்றாள். எனக்கு ஒன்பது வயது. கருப்பட்டிப் பானையைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஊர் திரும்பிய பிறகும் அந்த மாத்திரையை முந்தானையில் முடிந்துதான் வைத்திருப்பாள். சபையார் பார்த்தால் விசுவாசக் குறைவு என்பார்கள் என்று பயம். ஆராதனை முடிந்து, எல்லாரும் போனபிறகு, கோயில் பின்பக்கக் குழாயடியில் நின்று முடிச்சை அவிழ்த்து முழுங்குவாள். நான் மறைத்துக்கொண்டு நிற்பேன்.

அதனால்தான் அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கிறது. காணொளியில் முன்வரிசையைக் காட்டுகிறார்கள், கவனித்தீர்களா? பெண்கள் பக்கம் ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பைபிளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் முந்தானையில் என்ன முடிந்திருக்கிறதோ.

அந்தக் காலம் அப்படி என்று கமெண்ட் போடப்போகிறவர்களுக்கு: அந்தக் காலத்தில் வைத்தியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 1807 டிசம்பர் 8ஆம் தேதி, 51 வயதில், அந்த அம்மா எந்த வைத்தியமும் இல்லாமலேதான் போனார். பன்னிரண்டு வருஷம் அப்படியே கிடந்தார். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சிரித்தது அந்தக் காலம் இல்லையே.

நேற்று என் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு கேரியின் கதையைச் சொன்னேன். பீட்டரையும் சொன்னேன். டாரதியின் பெயரைப் பலகையில் எழுதி நோட்டில் எழுதச் சொன்னேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதிக்கொண்டே, "டீச்சர், அந்த அம்மாவுக்கு மாத்திரை குடுத்தாங்களா?" என்று கேட்டது.

அப்போ மாத்திரை கிடையாதும்மா என்றேன்.