10,000 மீற்றர் நேரத்தை வைத்து நகர்வல ஓட்டத்தைக் கணிக்கலாமா?
உலக நகர்வல ஓட்டத்தில் (cross country, புல், சேறு, மேடு பள்ளம் என்று வெளித்தரையில் ஓடுவது) யார் வெல்வார் என்பதை, மைதானத் தடத்தில் அவரவர் ஓடிய 10,000 மீற்றர் நேரத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்கிறார் இங்கே வந்த கட்டுரையை எழுதியவர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தத் தூரத்தில் 26:11 என்ற உலக சாதனை உகண்டாவின் ஜோசுவா செப்டெகெயுடையது. ஆனால் உலக நகர்வல ஓட்டத்தில், 2023இல் அவுஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் அவருக்குக் கிடைத்தது மூன்றாமிடம், 2024 பெல்கிரேடில் முதல் மூவருக்குள்ளும் வரவில்லை. இரண்டிலும் வென்றவர் அவருடைய நாட்டவரான ஜேக்கப் கிப்லிமோ, இரண்டிலும் வெள்ளி எதியோப்பியாவின் பெரிஹு அரகாவிக்கு. 2017இல் உகண்டாவின் கம்பாலாவில் நடந்த அதே போட்டியை விடவா சான்று வேண்டும்? சொந்த மண்ணில் கடைசிச் சுற்று வரை முன்னால் ஓடிய செப்டெகெய், கால் சோர்ந்து 30ஆவதாக வந்து சேர்ந்தார். கென்யாவின் கம்வொரோர் தங்கத்தைக் கொண்டுபோனார். மட்டக்களப்பில் இருக்கிற எங்களுக்கு இது புதினமில்லை. கல்லடிக் கடற்கரையில் அலை நனைத்த இறுகிய மணலில் பறக்கிற பெடியன், கொஞ்சம் மேலே ஏறி உலர்ந்த மணலில் கால் வைத்ததும் பாதம் புதைந்து, பின்னுக்கு வழுக்கி, கெண்டைக்கால் இறுகி நின்றுவிடுவான். அவனைத் தாண்டிப் போகிறவன் மைதானத்தில் கடைசியாக வருகிறவனாக இருப்பான், நானே பார்த்திருக்கிறேன். மேலே கருத்துச் சொன்ன ஒரு தம்பி, கிப்லிமோ வென்றால் உகண்டாவுக்கு அணித் தங்கமும் உறுதி என்று எழுதியிருக்கிறார். அது வேறு கணக்கு, தம்பி. அணியில் முதலில் வரும் நால்வரின் இடங்களையும் கூட்டித்தான் பார்ப்பார்கள், அங்கே கென்யாவின் நான்காவது ஆள் எத்தனையாவதாக வருகிறார் என்று பாருங்கள்.