டெக்சாஸ் பருத்திக்காரர்களுக்கு வருஷா வருஷம் பணமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாசன் கவுண்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி) பருத்தி விவசாயிகளுக்கு, விலை எப்படி இருந்தாலும் அரசு ஏக்கர் கணக்கில் பணம் போடுகிறது என்று சுற்றும் தகவல் தவறு. அந்த நேரடித் தொகை 2014 விவசாயச் சட்டத்தோடு முடிந்துவிட்டது. 2018-இல் வந்த ஏற்பாட்டில், விதையோடு சேர்ந்த பருத்தியின் சராசரி விலை பவுண்டுக்கு 36.7 சென்ட்டுக்குக் கீழே போனால்தான் விலை இழப்புத் தொகை கிடைத்தது (2025 சட்டம் அந்த வரம்பை 42 சென்ட்டாக உயர்த்தியது). 2022-இல் அந்தப் பக்கம் வறட்சியில் பயிர் கருகியது, ஆனால் விலை உயரத்தில் இருந்ததால் இந்தக் கணக்கில் ஒரு சென்ட்கூட வரவில்லை, அவர்களைத் தாங்கியது பயிர்க் காப்பீடு (அதன் பிரீமியத்தில் அரசு பங்கு பெரியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்). கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த விலை இழப்புத் தொகை இப்போதைய விதைப்பைப் பார்த்து வருவதில்லை, பழைய சாகுபடியை வைத்து அரசிடம் பதிவான ஏக்கரில் 85 சதவீதத்துக்கு வருகிறது, அதனால் பதிவில்லாத நிலத்தில் பருத்தி போடுபவருக்கு இந்தத் தொகை இல்லை.